கால் மரக்கிறது, வலு குறைகிறது: சைக்கிள் ஓட்டுபவர் முதலில் யாரிடம் போவது?

ஒருவருக்கு ஈசிஆரில் முட்டுக்காடு தாண்டியதும் வலது பாதம் மரத்துப் போகிறது. இன்னொருவருக்குச் சமதளத்தில் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் இடது தொடை கனத்து, மிதிக்க வலுவே இல்லாமல் போகிறது; ஓரமாக நின்றால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. மூன்றாமவர் எம்ஆர்ஐ வரை எடுத்துவிட்டார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்கிறது அறிக்கை. அதனால்தான் கால் தளர்கிறதா என்று கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மூன்று பேரும் கேட்பது ஒன்றைத்தான்: அடுத்து பைக் ஃபிட்டா (சைக்கிளை உடலுக்கேற்பப் பொருத்துவது), பிசியோவா, நரம்பு டாக்டரா, ரத்தநாள டாக்டரா?

பெரும்பாலும் கைக்கு எட்டுகிற கதவைத்தான் நாம் முதலில் தட்டுகிறோம். குழுவில் யாரோ ஒரு ஃபிட்டரைச் சொல்வார்கள், அங்கே போவோம். அலுவலகத்துப் பக்கத்திலேயே பிசியோ இருந்தால் அங்கே. இப்படித் தொடங்கி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் நிறைய. கதவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அறிகுறியின் நடத்தையை வைத்துத்தான்: எப்போது வருகிறது, எப்போது விலகுகிறது, வெறும் மரப்பா, உண்மையிலேயே வலு குறைந்திருக்கிறதா. நான் மருத்துவர் இல்லை. யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க மட்டுமே இந்த ஒப்பீடு. என்ன நோய் என்று சொல்வது அவர்கள் வேலை.

## ஒப்பீடே வேண்டாத நிலைமைகள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிட்டு, நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

- ஒரு பக்கக் கையும் காலும் திடீரெனத் தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான்.
- பாதத்தில் தொடங்கிய மதமதப்பும் தளர்ச்சியும் ஓரிரு நாளில் முழங்கால், தொடை என மேலே ஏறுவது. குறிப்பாக, சில வாரங்களுக்கு முன் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்திருந்தால். 2025 ஜனவரியில் புனேயில் பலரைப் படுக்க வைத்த கில்லன் பாரே நோய் இப்படித்தான் வரும். மூச்சுத் தசைகளைத் தொடும் முன் சிகிச்சை தொடங்க வேண்டும்.
- இரண்டு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்து, சிறுநீர் வராமலோ தெரியாமல் கசிந்தோ போவது. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் இது. மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அறுவைச் சிகிச்சை.
- கீழே விழுந்த பிறகு வந்த தளர்ச்சி. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது. கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து வலிப்பது.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைக்கிள் ஓட்டுபவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். நீண்ட சவாரியில் சீட் அழுத்தி அந்த இடம் மரப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். அதனால் ஆபத்தான மரப்பையும் சீட்டின் தலையில் போட்டுவிடத் தோன்றும். சீட் அழுத்தத்தால் வந்தது இறங்கிய சில நிமிடங்களிலோ, மிஞ்சினால் சில மணி நேரத்திலோ விலகும்; சிறுநீர் கழிப்பதில் மாற்றம் இருக்காது; கால்களில் வலு குறையாது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தவில்லை என்றாலும் சீட்டைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிறு காலை 150 கிலோமீட்டர் ஓட்டி, மதியம் வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவர் திங்கள் விடியலில் எழ முயல்கிறார். இரண்டு தொடைகளும் அசையவில்லை. மரப்பு துளியும் இல்லை. ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென இறங்குவதால் வரும் தளர்ச்சி இது. கடும் உழைப்புக்குப் பிறகான ஓய்வும் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடும் அதைத் தூண்டும். ஆசிய ஆண்களில் இதன் பின்னால் தைராய்டு அதிகச் சுரப்பு ஒளிந்திருப்பது உண்டு. இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் இதுவும் அவசரம்தான். சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் பொட்டாசியம், தைராய்டு இரண்டையும் பார்க்காமல் விடக் கூடாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், மரப்பா வலுவிழப்பா என்பது. இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அவசரம் ஒன்றல்ல. மரப்பு மட்டும் என்றால், அது வந்து வந்து போகிறது என்றால், சில வாரம் பொறுத்துச் சைக்கிளைச் சரிசெய்து பார்க்கலாம். சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் வலு திரும்பவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. நசுங்கிய நரம்பு நாள் கடக்கக் கடக்க மீள்வது கடினமாகும்.

உண்மையில் வலு குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியும். நம்மூர் நரம்பு மருத்துவர்கள் கேட்கும் கேள்விகள்தான். நடக்கும்போது செருப்பு நழுவுகிறதா? நழுவுவது தெரிகிறதா, தெரியாமலே கழன்று போகிறதா? நழுவுவது தெரிந்தும் பிடிக்க முடியவில்லை என்றால் வலு குறைவு. கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்ச்சிக் குறைவு. தரையில் குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? முடியாவிட்டால் இடுப்பு, தொடைத் தசைகளில் சிக்கல். குதிகாலில் பத்தடி நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் முன்பாதம் தொங்குகிறது? சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா? வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா? தள்ளாடினால் கால் இருக்கும் இடத்தை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதையில் கோளாறு இருக்கலாம். பி12 குறைபாட்டில் இது வரும்.

இரண்டாவது, நேரம். சைக்கிளில் மட்டுமா, நடக்கும்போதுமா, உட்கார்ந்திருக்கும்போதுமா, இரவிலுமா? இதில் வயதானவர்களுக்கு மிக உதவும் ஒரு பழைய சோதனை உண்டு. 1977-ல் டைக், டாய்ல் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய வான் கெல்டெரன் சைக்கிள் சோதனை. தண்டுவடக் குழாய் குறுகியவருக்கு நிமிர்ந்து நடந்தால் கால் மரத்துத் தளரும். முன்னால் குனிந்தால் குழாய் கொஞ்சம் விரியும் என்பதால் சைக்கிளில் தாராளமாகப் போவார். ரத்தநாளம் அடைத்தவருக்குக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒன்றுதான். தசை உழைத்தால் தொல்லை வரும். ஆக, நடந்தால் மரக்கிறது, சைக்கிளில் ஒன்றுமில்லை என்பவர் முதுகெலும்பையும், நடந்தால் ஒன்றுமில்லை, முழு மூச்சில் மிதித்தால் மட்டும் கால் செத்துப்போகிறது என்பவர் ரத்தநாளத்தையும் முதலில் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, இடம். பாத விரல்கள் என்றால் ஷூ. தொடையின் வெளிப்புறம் மட்டும் ஒரு திட்டாக மரத்து, வலு குறையாமல் இருந்தால் இடுப்பெலும்பு முனையில் நசுங்கும் தோல் நரம்பு. இறுக்கமான பெல்ட், ஷார்ட்ஸ் பட்டை, தொப்பை, சர்க்கரை நோய் எல்லாம் காரணமாகலாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமும் பாதத்தின் மேற்புறமும் மரத்து, பாதம் தூக்க முடியாமல் இருந்தால் முழங்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு, அல்லது இடுப்புத் தண்டிலிருந்து வரும் ஐந்தாம் வேர். சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருபவர்களுக்கும், குந்தி வேலை செய்பவர்களுக்கும், குறுகிய காலத்தில் எடையை அதிகம் குறைத்தவர்களுக்கும் முன்னது வரும். பந்தயத்துக்காக எடை குறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில், காலுறை போட்டதுபோல் மரப்பு இருந்தால் சைக்கிளை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

நான்காவது, செலவு. கட்டணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தவறான கதவில் கழியும் மாதங்கள்.

## பைக் ஃபிட்

மரப்பு சைக்கிளில் மட்டும் வருகிறது, குறிப்பிட்ட தூரத்துக்குப் பிறகு வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது, வலு குறையவில்லை. இந்த நான்கும் பொருந்தினால் ஃபிட்தான் முதல் தேர்வு. கூடவே மருத்துவச் செலவு எதுவும் வேண்டியதில்லை.

பாத மரப்பில் பாதிக்கு மேல் வேலை ஷூவிலேயே முடியும் என்பது என் கணிப்பு. நம் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் பாதம் வீங்கும். காலையில் இறுக்கிய ஷூ டயல் அப்படியே இருக்கும். முட்டுக்காட்டில் டீக்கு நிற்கும்போது இரண்டு கிளிக் தளர்த்துவது, கிளீட்டை (ஷூ அடியில் பெடலோடு பூட்டும் துண்டு) சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்துவது, தடித்த காலுறையை மாற்றுவது. இவற்றைச் செய்துவிட்டு ஃபிட்டரிடம் போனால் அவருக்கும் வேலை சுலபம். அடுத்தது சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பது வழக்கமான இலக்கு. சீட் உயர்ந்துவிட்டால் இடுப்பு இடமும் வலமும் ஆடும். ஆடும் இடுப்பு சீட்டில் உரசி நரம்பை நசுக்கும், கீழ் முதுகையும் இழுக்கும். பின்னால் வருபவரிடம் ஒரு வீடியோ எடுக்கச் சொன்னால் இது கண்ணுக்கே தெரியும்.

இதன் மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல ஃபிட்டர்கூட உங்கள் வலுவையும் அனிச்சைச் செயலையும் சோதிப்பதில்லை. உடம்பில் இருக்கும் கோளாறைச் சைக்கிளால் ஈடுகட்ட முடியும் என்பதால், ஹேண்டில்பாரை உயர்த்தியதும் பாதித் தொல்லை குறையும். மீதி வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு புது சீட், புது ஷூ, குட்டையான கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) என்று பணம் போகும். இரண்டு திருத்தத்துக்குள் தெளிவான முன்னேற்றம் இல்லை என்றால் மூன்றாவது சீட் வாங்காதீர்கள்.

## பிசியோதெரபி

கீழ் முதுகிலிருந்து பின்தொடை வழியாக இறங்கும் வலி, கூடவே கொஞ்சம் மரப்பு, வலு குறைவு இல்லை. இந்த நிலையில் பிசியோ நல்ல தேர்வு. டிஸ்க் பிதுங்கி நரம்பு வேர் எரிச்சலுறும் பெரும்பாலானோருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் குறைகிறது. அந்த வாரங்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கைப்பிடித்து நடத்த ஒருவர் இருப்பது பெரிய ஆறுதல். ஒவ்வொரு வாரமும் அதே கண் உங்கள் காலைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். வலு குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பது அவராகத்தான் இருக்கும்.

எப்படிப்பட்ட பிசியோ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாளே கட்டிலில் படுக்கவைத்து மின்சிகிச்சைப் பட்டையை ஒட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போகிறவர் வேண்டாம். உங்கள் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார்ப்பவர், முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர், ஏதோ சரியில்லை முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லத் தயங்காதவர் வேண்டும். எல்லாக் கால் தொல்லைக்கும் பிட்டத்தில் உள்ள பிரிஃபார்மிஸ் தசை இறுக்கம் என்று பெயர் வைப்பதும் பரவலாக நடக்கிறது. மற்றவை இல்லை என்று உறுதியான பிறகு சொல்ல வேண்டிய பெயர் அது.

வலு குறைந்த காலோடு முதுகை முறுக்கிச் சொடக்கு எடுக்க மட்டும் யாருக்கும் அனுமதி தராதீர்கள், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும்.

## பொது மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும்

இந்தக் கதவை யாரும் கேட்பதில்லை, குழுக்களில் பரிந்துரைப்பதும் இல்லை. எனக்கோ செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதுதான் முதலிடம்.

காரணம் நம் நாட்டின் நிலைமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அதில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், எனக்கு எப்படி வரும் என்று நினைப்பவர்களுக்கும் வருகிறது. பி12 குறைபாடு சைவ உணவுக்காரர்களிடம் சாதாரணம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் எடுப்பவர்களுக்கும் வரும். ரத்தசோகை இல்லாமலே நரம்பைப் பாதிக்கும் என்பதால் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்பதை வைத்துத் தள்ளிவிட முடியாது. ஆக, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), பி12, தைராய்டு, பொட்டாசியம் உள்ளிட்ட உப்புகள், முழு ரத்த எண்ணிக்கை. ஒரே ஒரு ஊசிக்குத்தில் முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கால் மரத்தால் மெடிக்கல் ஷாப்பில் நரம்பு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது நம்மிடம் ஊறிய பழக்கம். பரிசோதனைக்கு முன் போட்டால் பி12 அளவு ஏறிப்போய் உண்மை மறையும். அந்த மாத்திரைகளில் இருக்கும் பி6 அதிக அளவில் நீண்ட நாள் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுத்துப் பாதத்தை மரக்கச் செய்யும். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியாவதுபோல் தோன்றி, நரம்புச் சேதம் தொடரும். முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு மாத்திரை.

இந்தக் கதவின் குறை, ஒரு காலில் மட்டும் வரும் தொல்லைக்கு இது அரிதாகவே விடை தரும். அறிக்கை எல்லாம் நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகி அங்கேயே நின்றுவிடுவது இன்னொரு குறை.

## நரம்பியல் மருத்துவர்

இறங்கிய பிறகும் தொடரும் வலு குறைவு, பாதம் தொங்குவது, தள்ளாட்டம், கால் விறைப்பு, தொடை ஒரு பக்கம் மெலிந்து தெரிவது, கையிலும் மரப்பு தொடங்குவது. இவற்றில் எது இருந்தாலும் ஃபிட்டையும் பிசியோவையும் தாண்டி நேராக இங்கே வாருங்கள். வெந்நீர்க் குளியலிலோ உச்சி வெயில் சவாரியிலோ கால் தளர்ந்து, உடல் குளிர்ந்ததும் மீள்கிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நரம்பின் உறை தேய்ந்தவர்களுக்கு உடல் சூடேறும்போது இப்படி ஆகும். கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-லேயே இதை எழுதினார். வெயில் அசதி என்று நாம் கடந்துபோகும் விஷயம் இது.

நல்ல நரம்புப் பரிசோதனைக்கு எந்திரமே தேவையில்லை. காலுறையைக் கழற்றச் சொல்வார். ஊசிமுனையால் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்து, எங்கே குத்துவது மாறுகிறது என்று கேட்பார். ட்யூனிங் ஃபோர்க்கை அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நின்றது என்று கேட்பார். உள்ளங்காலில் சாவி முனையால் கோடிழுத்து விரல் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பார்ப்பார். பாதம் தொங்குபவரிடம் பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்வார்: அந்த அசைவு வலுவாக இருந்தால் முழங்காலருகே நரம்பு நசுங்கியிருக்கிறது, அதுவும் தளர்ந்திருந்தால் தண்டுவட வேரில் சிக்கல். எம்ஆர்ஐ எங்கே எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்பதை இந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தீர்மானிக்கிறது.

அதனால்தான் மருத்துவரைப் பார்க்கும் முன் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய் முதுகு எம்ஆர்ஐ எடுத்துவிடுவதை நான் ஏற்பதில்லை. முதுகு வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம், 40 வயதினரில் 50 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நாற்பது வயதுச் சைக்கிள்காரர் எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது ஒன்று வரத்தான் செய்யும். வந்ததைக் காரணமாக நம்பி, தொடை ரத்தநாளத்தில் இருக்கும் உண்மைக் காரணத்தை இரண்டு வருடம் தவறவிடலாம். அறிகுறி இருக்கும் பக்கமும் ஸ்கேனில் நசுங்கிய வேரும் பரிசோதனையில் தளர்ந்த தசையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

நரம்பு மின்கடத்தல் சோதனைக்கும் ஒரு நேரம் உண்டு. கால் நரம்பின்மேல் சிறு சிறு மின் அதிர்ச்சி கொடுத்து வேகம் அளப்பார்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கிக்கொள்ளலாம். பிறகு தசையில் மெல்லிய ஊசி. ஊசிப் பகுதியில் மாற்றம் முழுதாகத் தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நான்காம் நாளே ஓடிப்போய் எடுத்தால் நார்மல் என்று வந்து, காசும் போய், பொய்யான தைரியமும் மிஞ்சும். எப்போது எடுப்பது என்று மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். தனியார் கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவு உண்டு. காத்திருப்பு நீளும், பார்வை குறைவில்லை.

## ரத்தநாள அறுவை மருத்துவர்

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்றே வரும், மற்ற மருத்துவர்கள் எளிதில் நினைத்துப் பார்க்காத காரணம் இங்கேதான் இருக்கிறது. இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் வெளி இலியாக் தமனி, குனிந்து மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மடங்குகிறது. ஆண்டுக்கு லட்சக்கணக்கான முறை, அதுவும் ரத்தம் சீறிப் பாயும் உச்ச உழைப்பில். சிலருக்கு நாளடைவில் சுவரின் உட்புறம் நார்த்திசு தடித்துப் பாதை குறுகுகிறது. கொழுப்புப் படிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொலஸ்ட்ரால் அறிக்கை அழகாக இருக்கும். 1980களில் ஐரோப்பிய மருத்துவர்கள் பந்தய வீரர்களிடம் இதை அடையாளம் கண்டார்கள். இத்தாலியின் ஃபாபியோ ஆரு 2019-ல் இதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பிரான்ஸின் பாலின் ஃபெராந்-ப்ரெவோ அதே 2019-ல் இரண்டு முறை செய்துகொண்டு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கமும் 2025-ல் பெண்கள் டூர் டி ஃபிரான்ஸும் வென்றார்.

அடையாளம் தெளிவானது. ஒரு கால், பெரும்பாலும் இடது. ஏற்றத்திலோ நேரப் பந்தயத்திலோ முழு மூச்சில் மிதிக்கும்போது மட்டும் தொடை கனத்து, மரத்து, வலு வடிந்துபோகும். வேகம் குறைத்தால் நிமிடங்களில் மீளும். மறுநாள் நடக்க, மாடியேற ஒரு தடையும் இல்லை. மிதிக்கும் வலுவை இரண்டு பக்கமும் அளக்கும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் காலின் பங்கு மட்டும் சரிவதைப் பதிவிலேயே காட்ட முடியும்; அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மறைமுகச் செலவு, பொய்யான நார்மல். படுக்கவைத்துக் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் ஓய்வில் எல்லாம் சரியாக இருக்கும், சாதாரண டாப்ளர் ஸ்கேனும் தவறவிடலாம். சைக்கிளில் மிதிக்கவைத்து, அறிகுறி வந்து நிறுத்திய உடனே கணுக்கால் அழுத்தம் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பீர்களா என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்பதில் தவறில்லை. ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். மடங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் ஸ்டென்ட் நசுங்கவும் முறியவும் கூடும் என்பதால் சைக்கிள்காரர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பந்தயம் ஓட்டாதவர் அறுவைச் சிகிச்சை இல்லாமலும் வாழலாம்: குனிவைக் குறைத்து, உச்ச உழைப்பைத் தவிர்த்து, மருத்துவரின் கண்காணிப்பில் ஓட்டலாம். பிழைப்பே பந்தயம் என்பவருக்கு மட்டும் கணக்கு வேறு.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் விஷயத்தில் எத்தனை வயதானாலும் இந்தக் கதவைத் தள்ளிப்போடக் கூடாது. இளம் வயதிலேயே கால் தமனிகளை அடைக்கும் பர்கர் நோய் நம் நாட்டில் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| உங்கள் நிலை | முதல் கதவு | அங்கே தவறிப்போகக்கூடியது |
|---|---|---|
| சைக்கிளில் மட்டும் மரப்பு, இறங்கினால் போகும், வலு சரி | பைக் ஃபிட் | உடம்பில் உள்ள கோளாறு மறைவது |
| முதுகிலிருந்து இறங்கும் வலி, வலு சரி | பிசியோ | மெல்லக் குறையும் வலு |
| இரு பாதமும் ஒரே அளவில் மரப்பு | பொது மருத்துவர், ரத்தப் பரிசோதனை | முன்பே போட்ட மாத்திரையால் பொய் அளவு |
| இறங்கிய பிறகும் வலு குறைவு, பாதம் தொங்குவது, தள்ளாட்டம் | நரம்பியல் மருத்துவர் | பரிசோதனைக்கு முன்பே எடுத்த எம்ஆர்ஐ |
| நடந்தால் மரப்பு, குனிந்து ஓட்டினால் சரி | நரம்பியல் அல்லது முதுகெலும்பு மருத்துவர் | ரத்தநாளம் என்று நினைப்பது |
| உச்ச உழைப்பில் மட்டும் ஒரு கால் தளர்ச்சி | ரத்தநாள அறுவை மருத்துவர் | ஓய்வில் எடுத்த அளவை நம்புவது |

இரண்டு வரிசைகள் ஒரே நேரத்தில் பொருந்தினால், அவசரம் கூடியதைத் தேர்ந்தெடுங்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் எந்த வரிசைக்கும் துணையாகச் செய்துகொள்ளலாம்.

## எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால்

இது நடக்கும். அதற்காக மனதில்தான் கோளாறு என்று ஒதுங்கிவிட வேண்டாம். அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டே போகவும் வேண்டாம். ஆறு வாரம் கழித்து அதே மருத்துவரிடம் அதே பரிசோதனையை மறுபடி கேளுங்கள். காலப்போக்கில் வெளிப்படும் கோளாறுகளை ஒரே கை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பதுபோல் காட்டிக்கொடுப்பது எதுவுமில்லை. இடைப்பட்ட நாட்களில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, இதயத்துடிப்பு என்ன, எந்தக் கால், எந்த இடம், நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் போனது, அன்று நடக்கும்போது செருப்பு நின்றதா. இரண்டு பக்கம் எழுதினாலே போதும், மருத்துவர் வேறு கேள்விகள் கேட்பார்.

காத்திருக்கும்போது ஓட்டலாமா என்பது எல்லாரும் கேட்பது. வலு சரியாக இருந்து மரப்பு மட்டும் என்றால், அது வரும் எல்லைக்குக் கீழே சமதளத்தில் ஓட்டலாம். பாதம் தொங்குகிறது, அல்லது பாதம் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை என்றால் சாலையில் வேண்டாம். கிளிப் பெடலிலிருந்து அந்தக் காலைக் கழற்ற முடியாமல் லாரிக்கு முன்னால் விழ நேரும். மருத்துவர் சரி என்றால் வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கும் தாங்கி), சாதாரணப் பெடல் மாட்டி, பக்கத்தில் ஒருவர் இருக்க ஓட்டுங்கள். பிஆர்எம் என்ற நெடுந்தூரச் சவாரிக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்பதற்காக 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கக் கிளம்பாதீர்கள். கட்டிய பணத்தை விட்டுவிடுங்கள், அடுத்த பருவத்தில் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம்.